ஒழுங்கை உறவுகள் குழு: போனில் நடக்கிற சூது

பவானி: எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் போனில் கிரிக்கெட் பெட் கட்டித் தோற்று, தாயின் சங்கிலியை அடகு வைத்துவிட்டான். பெயர் சொல்லேல்ல. எல்லாரும் பிள்ளைகளைக் கவனியுங்கோ.

நடராசா மாமா: வளர்ப்புப் பிழை. நாலு அடி போட்டால் திருந்துவான்.

தேவகி அக்கா: மாமா, கோபிக்காதேங்கோ. அடித்தால் ஒளித்து விளையாடுவான். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு, குடியும் போதைப்பொருளும் உள்ள பிரிவிலேயே இருக்கிறது. விட்ட காசைப் பிடிக்கத் திரும்பத் திரும்பக் கட்டுவது, பொய் சொல்வது, நித்திரை கெடுவது எல்லாம் அறிகுறிகள். போனில் பெட் கட்டுகிற அந்த ஆப் இரவு பகல் திறந்திருக்கும். மட்ச் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, ஒவ்வொரு பந்துக்கும் கட்டலாம். பழக்கம் பிடிக்கிற மாதிரித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். பொடியனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

குகன்: சூதுக்கு என்று ஒரு சட்டம் வந்ததல்லோ, அக்கா?

தேவகி அக்கா: 2025 ஓகஸ்டில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இணையச் சூதும் அதற்குள் வருகிறது, சமூகப் பாதிப்பைக் குறைப்பதும் ஒரு நோக்கம். நல்ல விசயம். ஆனால் அது நிதியமைச்சின் பக்கம் இருக்கிற வேலை. வரி எவ்வளவு வந்தது என்ற கணக்கு தானாக வந்துவிடும். எத்தனை குடும்பம் கடனில் விழுந்தது என்று யார் எண்ணுவது? டெங்கு வந்தால் ஆஸ்பத்திரி அறிவிக்கிறது, சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருகிறார். மன அழுத்தம், கடன் என்று கிளினிக்குக்கு வருகிறவரிடம் சூதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, பதிலைப் பதிந்தாலே போதும், பாதிப்பு எங்கே கூடுகிறது என்று தெரிய வரும். எண்ணாத நோய்க்கு யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள்.

சிவா சித்தப்பா (லண்டன்): இங்கே 2025 ஏப்ரலில் இருந்து சூதாட்டக் கொம்பனிகள் கட்டாயமாக ஒரு பங்கு கட்ட வேண்டும். அதில் பாதி சிகிச்சைக்கு, மிச்சம் தடுப்புக்கும் ஆராய்ச்சிக்கும். ஒன்லைன் ஸ்லொட்டில், அதுதான் சக்கரம் சுழற்றுகிற சூதில், ஒரு சுற்றுக்கு 5 பவுண் வரைதான் கட்டலாம், 18 முதல் 24 வயதுக்காரருக்கு 2 பவுண் வரை.

தேவகி அக்கா: வயதுக்கு ஏற்ற அந்த எல்லைதான் எங்களுக்கும் வேண்டும், சித்தப்பா. இளசுகள்தான் கெதியாக மாட்டுப்படுகிறார்கள்.

பவானி: சரி அக்கா, அந்தத் தாய் இப்ப என்ன செய்வது?

தேவகி அக்கா: 1926க்கு எடுக்கச் சொல்லுங்கோ. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்கும் கூட்டிப் போகலாம், நானும் வாறன். ஆனால் கடன் அடைக்க என்று அவன் கையில் காசு கொடுக்க வேண்டாம். வங்கி ஆப்பின் பாஸ்வேர்டைக் கொஞ்ச நாள் தாய் வைத்திருக்கட்டும்.

நடராசா மாமா: விளங்குது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையக் கூட்டத்தில் இதையும் எடுப்போம். நீ வந்து பேசு.

தேவகி அக்கா: வாறன் மாமா. பதிவு எடுக்கச் சொல்லிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதமும் கொண்டு வாறன், எல்லாரும் கையெழுத்துப் போடுங்கோ.