கணுக்கால் அடிக்கடி வீங்குகிறது, உருவி விடலாமா?

செந்தூல்அம்மா:
வணக்கம். மகனுக்கு 9 வயது, ஹீமோஃபிலியா ஏ (இரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்), கடுமையான வகை. எப்போதும் வலது கணுக்கால்தான் தொல்லை. போன வாரம் விழவும் இல்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை, பள்ளி விட்டு வந்து "உள்ளே குறுகுறுங்குதும்மா" என்றான், இரவுக்குள் வீங்கிவிட்டது. ஃபேக்டர் (இரத்தத்தை உறைய வைக்கும் ஊசி மருந்து) போட்டு வீக்கம் இறங்கியும் இன்னும் குதிகாலை ஊன்றாமல்தான் நடக்கிறான். மாமியார் எண்ணெய் காய்ச்சி உருவி விடலாம் என்று விடாப்பிடியாகச் சொல்கிறார். செய்யலாமா? விளையாட விடாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வதா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
உருவ வேண்டாம்மா, தயவுசெய்து. எனக்கும் அதே வகைதான். நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி, அதனால் இடது முட்டி இன்று முழுசாக மடங்காது, பத்துமலையில் 272 படியையும் கீழே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன். மூட்டுக்குள் கசிந்த இரத்தத்தின் இரும்புச்சத்து உள்சவ்வைத் தடிக்க வைக்கும், அதில் புது இரத்தக் குழாய்கள் முளைத்து இன்னும் சுலபமாகக் கசியும், கூடவே குருத்தெலும்பும் அரித்துப்போகும். குறுகுறுங்குது என்றானே, அதுதான் நேரம். வீக்கத்துக்கும் காத்திருக்காதீர்கள், ஸ்கேனுக்கும் காத்திருக்காதீர்கள், முதலில் ஃபேக்டர். வலிக்கு பனடோல் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் பக்கமே போகாதீர்கள்.

பினாங்கு_பிசியோ:
வலிக்குப் பயந்து குதிகாலைத் தூக்கியே வைத்திருந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி அப்படியே நின்றுவிடும், அதைத்தான் முதலில் கவனிக்கணும். கசிவு நின்று வலி அடங்கியதும் படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். அவனே அசைக்கணும், நீங்கள் பிடித்து வளைக்கக்கூடாது. அப்புறம் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, கொஞ்சம் தேறியதும் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்ப்பது. உங்கள் பிசியோ ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. வீட்டில் அடைத்து வைத்தால் தசை மெலிந்து மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். நீச்சலுக்கு அனுப்புங்கள். பந்து, தைக்வாண்டோ வேண்டாம்.

செந்தூல்அம்மா:
ரொம்ப நன்றி, மாமியாரிடம் படித்துக் காட்டிவிட்டேன். நாங்கள் கசிந்தால் மட்டும்தான் ஃபேக்டர் போடுகிறோம். முன்கூட்டியே போடக் கேட்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
கட்டாயம் கேளுங்கள். 6 மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று முறை தானாகக் கசிந்தால் அதை டார்கெட் ஜாயிண்ட் என்பார்கள், அந்த நிலைக்கு விடக்கூடாது. போட்ட ஃபேக்டர் எட்டு (இந்த வகையில் குறையும் உறைபொருளின் பெயர்) சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் வழக்கமான மருந்தை வாரத்தில் இரண்டு மூன்று தடவை போடுகிறார்கள். தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற கசிவுத் தடுப்பு மருந்தைப் பற்றியும் கேளுங்கள், ஆனால் அது போட்டாலும் கசிந்தால் ஃபேக்டர் தேவைப்படலாம். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இரத்த மையத்தில் ஹீமோஃபிலியா கிளினிக் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த மூட்டு என்று எழுதி எடுத்துப் போங்கள், எடையோடு அதையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.