பைத்தானில் சொல் எண்ணினால் ‘அம்மா’ உடைகிறாள் – உதவி தேவை

அச்சுமை (கேள்வி):

வணக்கம். சின்னப் பதிப்பகம் ஒன்றுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். நிரல் எழுதுவது என் தொழில் இல்லை, பைத்தான் ஆறு மாதப் பழக்கம்தான். ஒரு சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. 23 கதைகள், கதைக்கு ஒரு உரைக்கோப்பு. எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற பட்டியலும், கடைசியில் அகரவரிசையில் ஒரு சொல்லடைவும் வேண்டும்.

சொல் பிரிக்க, உரைக்குள் தேடும் ரீ மாட்யூலில் ஃபைண்ட்ஆல் போட்டு, ‘சொல்லுக்குரிய குறிகளின் தொடர்’ என்று பொருள்படும் பின்சாய்கோடு டபிள்யூ பிளஸ் என்ற வழக்கமான பேட்டர்னைக் கொடுத்தேன். எரர் எதுவும் வரவில்லை. ஆனால் பட்டியலில் முதலிடத்தில் ‘க’, அடுத்து ‘த’, அடுத்து ‘ம’. ‘அம்மா’ என்ற சொல்லே எங்கும் இல்லை. ஒரே ஒரு வரியை வெட்டிச் சோதித்தேன். ‘அம்மா வந்தாள்’ என்று கொடுத்தால் ‘அம’, ‘ம’, ‘வந’, ‘த’, ‘ள’ என்று ஐந்து துண்டாக வருகிறது. ஆங்கில வரி கொடுத்தால் ஒழுங்காகப் பிரிக்கிறது.

பைத்தான் 3.12, லினக்ஸ் மின்ட். கைபேசியில் தட்டுகிறேன், நிரலை ஒட்ட வழியில்லை. அதனால்தான் சொல்லிலேயே சொல்கிறேன், மன்னிக்கவும்.

சுண்டல்:

யூனிகோட் ஃபிளாக் போட மறந்திருப்பீர்கள். எனக்கு ஒரு தடவை அதில்தான் சரியானது.

அச்சுமை:

போட்டுப் பார்த்தேன். அதே ‘அம’, அதே ‘ம’.

பின்னிரவு:

சுண்டல் சொன்னது பைத்தான் 2 காலத்து மருந்து. அந்தப் பைத்தானுக்கு 2020 ஜனவரி 1 அன்றே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 3-இல் சாதாரணச் சரங்களுக்கு அந்த ஃபிளாக் தானாகவே இருக்கிறது, போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

அச்சுமை, ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்து ஒவ்வொரு குறியாக, அதன் யூனிகோட் எண்ணைச் சொல்லும் ஆர்ட் ஃபங்ஷனில் கொடுத்துப் பாருங்கள். 2980, 2990, 3007, 2996, 3021 என்று வரும். நமக்கு அது த, மி, ழ் என்று மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. நீளம் சொல்லும் லென்னைக் கேட்டாலும் 5 என்றுதான் சொல்லும்.

இதில் த, ம, ழ மூன்றும் யூனிகோட் கணக்கில் ‘எழுத்து’ வகை. இகரக் குறியும் புள்ளியும் ‘சேர்குறி’ வகை. ரீ மாட்யூலின் அந்த டபிள்யூ எழுத்து, எண், அடிக்கோடு மூன்றை மட்டும் சொல்லுக்குள் விடுகிறது, சேர்குறியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் ‘தமிழ்’ உங்களுக்கு ‘தம’, ‘ழ’ என்று கிடைக்கும். நமக்கு மட்டும் இல்லை, இந்தி, மலையாளம் எல்லாருக்கும் இதே கதி. பைத்தானின் பிழைப் பட்டியலில் 2011-இலேயே பதிந்திருக்கிறார்கள்.

இரண்டு வழி உண்டு. ரெஜெக்ஸ் என்ற வெளி மாட்யூலைப் பிப் என்ற நிறுவு கருவி வைத்து நிறுவினால் அதே பேட்டர்ன் அப்படியே வேலை செய்யும், அது சேர்குறியையும் சொல்லில் சேர்த்துக்கொள்ளும். எதையும் நிறுவ வேண்டாம் என்றால், டபிள்யூவுக்குப் பதில் சதுர அடைப்புக்குள் தமிழ் வட்டாரத்தையே கொடுங்கள். பதினாறடிமான எண்ணில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. தமிழ் தவிர எதுவும் தேவையில்லை என்றால் இது போதும், நான் பெரும்பாலும் இதைத்தான் போடுகிறேன்.

எல்லாம் எழுத்துதானா என்று சொல்லும் இஸ்ஆல்ஃபா வைத்துச் சோதிக்கலாம் என்று யாராவது வருவார்கள். ‘அம்மா’வைக் கொடுத்தால் அதுவும் ஃபால்ஸ் என்றுதான் சொல்லும். வேடிக்கை என்னவென்றால் இதே மொழியில் ‘அம்மா’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், பெயராகச் செல்லுமா என்று பார்க்கும் இஸ்ஐடென்டிஃபையர் ட்ரூ என்னும். பெயராக ஏற்றுக்கொள்வான், எழுத்தாக ஏற்றுக்கொள்ளமாட்டான்!

அச்சுமை:

வட்டாரத்தைப் போட்டேன், அம்மா முழுசாக வந்துவிட்டாள். ரொம்ப நன்றி அண்ணா.

ஆனால் இப்போது வேறொரு குழப்பம். கதைவாரியாகவும் எண்ணிக்கை அச்சிடுகிறேன். முதல் கதையில் ‘அம்மா’ 14 என்கிறது. கையாலும் எண்ணிப் பார்த்தேன், சரி. இரண்டாம் கதையில் 18 என்கிறது. அந்தக் கதை தொடங்கும்போதே அம்மா இறந்துபோயிருக்கிறாள், நாலே இடத்தில்தான் அவள் பேச்சு வரும். கடைசிக் கதைகளில் எண்ணிக்கை நூறைத் தாண்டுகிறது. தமிழ் வட்டாரம் போட்டதால் இப்படி ஆகுமா?

புள்ளிக்கோலம்:

14-உம் 4-உம் சேர்ந்தால் 18. தமிழ் மேல் பழி போடாதீர்கள். எண்ணும் ஃபங்ஷனை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? அடைப்புக்குள் கோப்பு என்று ஒன்று, அப்புறம் கணக்கு சமம் காலி டிக்‌ஷ்னரி என்று இன்னொன்று இருக்குமே?

அச்சுமை:

அக்கா, பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். அப்படியேதான்.

புள்ளிக்கோலம்:

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். இரண்டு நாள் தூக்கம் போனது.

ஃபங்ஷனை அறிவிக்கும் டெஃப் வரியில் நீங்கள் எழுதும் அந்தக் காலி டிக்‌ஷ்னரி, ஃபங்ஷனைக் கூப்பிடும்போதெல்லாம் புதிதாகப் பிறப்பதில்லை. டெஃப் வரி ஓடுகிறபோது ஒரே ஒரு முறை பிறக்கிறது, பிறகு ஃபங்ஷனோடேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. முதல் கதை அதில் 14 எழுதிவிட்டுப் போகிறது. இரண்டாம் கதை வரும்போது கையில் கிடைப்பது அதே நோட்டு, பழைய பற்று கிழிக்கப்படாமல். சந்தேகம் இருந்தால் ஃபங்ஷன் பெயருக்குப் பின் புள்ளி வைத்து, இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே டிஃபால்ட்ஸ் என்று அச்சிட்டுப் பாருங்கள். 23 கதையின் சொல்லும் அங்கே குவிந்து கிடக்கும்.

திருத்தம் எளிது. இயல்பு மதிப்பாக நன் (‘எதுவும் இல்லை’ என்னும் பைத்தான் மதிப்பு) கொடுங்கள், உள்ளே முதல் வரியில் ‘கணக்கு நன் என்றால் புதிய டிக்‌ஷ்னரி’ என்று எழுதுங்கள். லிஸ்ட்டுக்கும் செட்டுக்கும் இதே விதிதான். எண், சரம் போன்ற மாறாத பொருள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றை உள்ளே போய் மாற்ற முடியாதே.

இன்னொன்று, சொல் எண்ணுவதற்கு டிக்‌ஷ்னரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் கவுன்ட்டர் இருக்கிறது. சொற்களின் பட்டியலை அதனிடம் கொடுத்தால் எண்ணித் தரும், இரண்டு கவுன்ட்டரைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டவும் செய்யலாம்.

மூன்றாம்மாடி:

இடையில் நுழைகிறேன். இதைப் படித்துவிட்டு நானும் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். விண்டோஸ் 11. கோப்பைத் திறந்து படிக்கிற வரியிலேயே விழுகிறது. ‘சார்மேப்’ கோடெக், பைட் 8டி-ஐப் படிக்க முடியவில்லை என்று திட்டுகிறது. இன்னொரு கோப்பு திறக்கிறது, ஆனால் உள்ளே தலையில் கோடு போட்ட ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் குறியும் வரிசையாக நிற்கின்றன.

பின்னிரவு:

இது வேறு நோய், ஆனாலும் நம் புள்ளியைத்தான் பிடிக்கும். ஓப்பன் வரியில் என்கோடிங் சொல்லாவிட்டால் விண்டோஸில் பைத்தான் கணினியின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்கிறது, பெரும்பாலும் சிபி1252. உங்கள் கோப்போ யூடிஎஃப்-8. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ‘த’ என்றால் 224, 174, 164. சிபி1252-இல் 224 அந்தக் கோடு போட்ட ஏ, 174 வட்டத்துக்குள் ஆர். நீங்கள் பார்த்த கோலம் அதுதான்.

புள்ளிக்கு 224, 175, 141. அந்த 141-தான் பதினாறடிமானத்தில் 8டி. சிபி1252-இல் அந்த இடம் காலி, அங்கே எந்த எழுத்தும் இல்லை. ஆகவே மெய்யெழுத்து ஒன்று வந்தாலே விழும். திறந்த அந்த இன்னொரு கோப்பு ரொம்பச் சின்னது, புள்ளி வைத்த எழுத்தே அதில் கிடையாது, சரிதானே?

மூன்றாம்மாடி:

ஒரே வரி. ‘பழைய கதை’ என்று சோதனைக்குத் தட்டியது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

பின்னிரவு:

ஓப்பனில் என்கோடிங் சமம் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள், எந்தக் கணினியானாலும் எழுதுங்கள். இடைவெளியை வைத்துச் சொல் பிரிக்கும்போது கோப்பின் முதல் சொல் மட்டும் பட்டியலில் இன்னோர் இடத்தில் தனியாக வருகிறது என்றால், தலையில் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கும், ஓரத்து வெற்றிடத்தை வெட்டும் ஸ்ட்ரிப் போட்டாலும் போகாது. அப்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். சரி, அச்சுமையின் இழைக்குத் திரும்புவோம்.

அச்சுமை:

நோட்டுப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது கவுன்ட்டர். ஆனால் பட்டியலில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வருகிறது. ‘கொடு’ 41, கொஞ்சம் கீழே மறுபடி ‘கொடு’ 6. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சமமா என்று கேட்டால் ஃபால்ஸ் என்கிறது. அப்புறம் ‘லக்‌ஷ்மி’ என்ற பாத்திரம் ‘லக்’, ‘ஷ்மி’ என்று பிளந்து கிடக்கிறாள். ‘அவா்’, ‘தொியும்’ என்றெல்லாம் கூட வருகிறது. அவை மட்டும் 4 கதைகளில்தான் இருக்கின்றன, எழுத்தாளர் பழைய கணினியிலிருந்து எடுத்துக் கொடுத்தவை.

புள்ளிக்கோலம்:

இரண்டு ‘கொடு’வுக்கும் லென் பாருங்கள். ஒன்று 4, மற்றது 5 வரும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு பின்னால் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது, என்எஃப்சி கொடுத்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும்.

லக்‌ஷ்மிக்கு நடுவில் 8204 என்ற அகலமில்லாத குறி உட்கார்ந்திருக்கிறது. அது தமிழ் வட்டாரத்துக்கு வெளியே இருப்பதால் சொல் அங்கே முறிகிறது. எண்ணும் முன் ரீப்ளேஸ் போட்டு நீக்கிவிடுங்கள்.

மூன்றாவதுதான் சுவாரசியம். அந்தக் கதைகள் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டவை என்று நினைக்கிறேன். புள்ளி வைத்த ர், இகரக் குறி போட்ட ரி இரண்டும் பார்க்கக் கால் போலவே இருக்கும், பலர் அங்கே காலையே தட்டிவிடுவார்கள். ‘அவா்’ என்பதில் வ, கால், புள்ளி. ‘தொியும்’ என்பதிலோ ஒகரக் குறியும் அதன் மேல் இகரக் குறியும். நல்ல தமிழில் ஓர் உயிர்க்குறிக்குப் பின்னால் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. ஆகவே பயமின்றி மாற்றலாம்.

வரிசை முக்கியம். நேராக என்எஃப்சி போட்டால் ஒற்றைக் கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு காலைத் தேடினால் கிடைக்காது. முதலில் என்எஃப்டி போட்டு எல்லாவற்றையும் பிரியுங்கள். கால்+புள்ளியை ‘ர்’ ஆக்குங்கள், கால்+இகரக் குறியை ‘ரி’, கால்+ஈகாரக் குறியை ‘ரீ’. கடைசியில் என்எஃப்சி. ‘தொியும்’ ‘தெரியும்’ ஆகிவிடும், ‘போ்’ ‘பேர்’ ஆகும்.

சுண்டல்:

என் வாழ்நாளில் ‘அவா்’ என்று நூறு முறை பார்த்திருப்பேன், கண் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சுமை:

மூன்றும் சரி. கடைசியாகச் சொல்லடைவு. வரிசைப்படுத்தும் சார்ட்டட் போட்டால் ‘கனம்’ முன்னால், ‘கபம்’ பின்னால். ‘பகல்’ முன்னால், ‘பக்கம்’ பின்னால். ஆசிரியர் பார்த்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பின்னிரவு:

சார்ட்டட் குறியெண்ணை வைத்துத்தான் அடுக்கும். யூனிகோட் தமிழ் வட்டாரம் இந்திய எழுத்துகளுக்கான 1988-இன் இஸ்கி என்ற குறியெண் அட்டவணையைப் பின்பற்றியது, அது இந்திய எழுத்துகளை எல்லாம் தேவநாகரி வரிசைக்கு நேராக வைத்தது. அதனால் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற. நம் பதினெட்டில் கடைசியில் நிற்க வேண்டிய ன அங்கே 2985, ப 2986. புள்ளியோ 3021, எல்லா மெய்க்கும் அப்பால். அகராதியில் ‘க்’ ‘க’வுக்கு முன்னால் வர வேண்டும், இங்கே தலைகீழ்.

சார்ட்டட்டின் கீ-க்கு ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் கெட் லெட்டர்ஸ் ‘தமிழ்’ என்றால் த, மி, ழ் என்று நம் எழுத்தாகவே பிரித்துத் தரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணிணை கொடுங்கள். மெய் எத்தனையாவது, அதன் உயிர் எத்தனையாவது. புள்ளிக்கு 0, வெறும் அகரத்துக்கு 1, காலுக்கு 2, இப்படி. உயிரெழுத்தும் ஃ-உம் மெய்களுக்கு முன்னால். ஜ, ஷ, ஸ, ஹ பதினெட்டுக்கும் பின்னால். இருபது வரிக்கு மேல் போகாது. பைத்தான் இணைகளை இடமிருந்து வலமாகத் தானே ஒப்பிட்டுக்கொள்ளும்.

அச்சுமை:

ராத்திரி ஒன்றரை மணிக்கு முடிந்தது. ‘பக்கம்’, அப்புறம் ‘பகல்’. பட்டியலைக் காலையில் எழுத்தாளருக்கு அனுப்பினேன். முதலிடம் ‘ஒரு’, இரண்டாமிடம் ‘என்று’, அம்மா ஒன்பதாவது. பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். பாதி ‘ஒரு’வை எடுக்க வேண்டுமாம், கோப்புகளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்.

புள்ளிக்கோலம்:

அவர் திருத்தி அனுப்பியதும் என்எஃப்டியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். பழைய கணினியில்தானே தட்டுவார்.