மிலிட்டரிக்காரர் வீட்டுச் சாப்பாடு: உங்க வீட்ல நடந்ததைச் சொல்லுங்க

தேவகோட்டை மருமக
மாமா ரிட்டயர்டு சுபேதார். வீட்ல பட்டாளத்துக்காரர் இருக்கவங்களுக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்ல. இலை போட்ட நாலாவது நிமிஷம் எந்திரிச்சிருவார். லங்கர் பழக்கம்னு, அதாவது பட்டாளச் சமையக்கூடத்துப் பழக்கம்னு விட்ருவோம்.

போன மாசம் நாத்தனார் வளைகாப்பு. அதிரசமும் சீப்புச்சீடையும் சுட்டு டின்ல வச்சிருந்தோம். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சா, இரண்டாங்கட்டு இருட்டுல டின்னைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மாமா நிக்கிறார். மெல்லல, முழுங்குறார். என்னைப் பாத்ததும் விறைச்சு அட்டென்ஷன்ல நின்னார், வாய் நிறைய அதிரசத்தோட. நான் ஒண்ணும் பேசாம வந்து படுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல கொல்லையில குழாய்ச் சத்தம். வாந்தி எடுக்கிறது கேக்கக்கூடாதுன்னு தொறந்து விட்டிருக்கார். எட்டு வருஷமா அந்தச் சத்தம் கேக்குது. கால் கழுவுறார்னுதான் நெனச்சிருந்தேன்.

கல்லல் ஹவில்தார்
தங்கச்சி, இதெல்லாம் பெரிய விஷயமில்ல. நான் சியாச்சின் பனிமலையில காவலுக்கு இருந்தவன். மேல போனா பசியே எடுக்காது. டின் சாப்பாடு, அதையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல உருக்கித்தான் திங்கணும். பங்கருக்குள்ள கரி அப்பி, துப்புற எச்சியே கறுப்பா இருக்கும். எடை இறங்காம கீழ வந்தவன் யாரும் கிடையாது. லீவுல வீட்டுக்கு வந்தா அம்மா நாட்டுக்கோழி அடிச்சு, மிளகு அரைச்சு வச்சிருந்துச்சு. ஒரு வாய் வச்சேன், மண்ணெண்ணெய் வாடை. தட்டைத் தள்ளிட்டேன். அம்மா அந்தக் குழம்பை மோந்து மோந்து பாத்துச்சு பாருங்க, அது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. ஒரு வருஷம் தயிர்ச்சோறுதான். அப்புறம் தானா சரியாப் போச்சு. இது வியாதி இல்ல, பழக்கம். உங்க மாமாவையும் விட்ருங்க.

புதுவயல் நர்ஸ்
அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குச் சரியாப் போனது எல்லாருக்கும் போகாது. எங்க சின்னத்தா மகன் சர்வீஸ்ல இருக்கப்பவே இந்த வேலை. எடை கூடினா மெடிக்கல் கேட்டகரி போயிரும், புரமோஷன் நிக்கும்னு பயம். லீவு முடியப்போற வாரம் சோறே தொடாது, வெறும் தண்ணி. செட்டிநாட்டுப் பழைய ரன்வேல சித்திரை மாச உச்சி வெயில்ல மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு ஓடும். ஆடு மேய்க்கிறவர் தூக்கிக்கிட்டு வந்து போட்டார். கோட்டைக் கழட்டினா உள்ளுக்குள்ள இருந்து தண்ணி ஊத்துது. இதுவும் பழக்கமா அண்ணே?

கல்லல் ஹவில்தார்
அது ஃபிட்னஸ்மா. சிவில்காரங்களுக்குப் புரியாது.

கோட்டையூர் மருந்துக்கடை
ஒரு எக்ஸ்‌சர்வீஸ்மேன் வாராவாரம் நாலு பட்டை பேதி மாத்திரை வாங்குவார். மலச்சிக்கலான்னு கேட்டேன், "வெயிட்"னார். அன்னைக்கும் பட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதான் என் கதை.

ஹவில்தார் சாருக்கு: 1945ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல 36 ஆளுகளை ஆறு மாசம் அரைவயிறாப் போட்டுப் பாத்தாங்க. எல்லாரும் திடகாத்திரமான இளவட்டம். வேடிக்கை என்னன்னா, பட்டாளத்துக்கு வரமாட்டேன்னு மனசாட்சி சொல்லி மறுத்தவங்கதான் அத்தனை பேரும். பட்டினி முடிஞ்சு சாப்பாடு கிடைச்சப்ப சிலர் வயிறு வெடிக்கிற மாதிரித் தின்னும் அடங்கல. பட்டினி கிடந்தப்பவே சிலர் சமையல் புத்தகமா வாங்கிச் சேத்தாங்க. உடம்பும் மனசும் சேந்து கெடுற விஷயம் சார் இது, வைராக்கியத்துல சேராது.

தங்கச்சிக்கு: டின்னைப் பூட்டி வைக்காதீங்க, பூட்டுனா ஒளிச்சுத் திங்கிறது கூடும். பந்தியில வச்சுக் கேக்கவும் வேண்டாம். அடிக்கடி வாந்தி எடுத்தா பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும், அதனால முதல்ல ஒரு ரத்தப் பரிசோதனை. முன்பல்லு உள்பக்கம் தேஞ்சிருக்கான்னு பல் டாக்டர் பாத்தாலே சொல்லிருவார். நர்ஸம்மா சொன்ன தம்பி மாதிரி பல நாள் பட்டினி கிடந்தவங்களுக்கு எந்திரிச்ச உடனே கறிவிருந்து போடாதீங்க. திடீர்னு சோறு உள்ள போனா ரத்தத்துல பாஸ்பேட்ங்கிற உப்பு இறங்கி உயிருக்கே ஆபத்து, டாக்டர் பார்வையில கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏத்தணும். இசிஎச்எஸ் கார்டு, அதான் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டக் கார்டு இருந்தா மனநல டாக்டருக்கு ரெஃபரல் வாங்கலாம். அதுக்கு மாமா வரமாட்டார்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், வீட்டு ஆளுகளும் கூப்பிடலாம். இந்தச் சாப்பாட்டுக் கோளாறைப் பொம்பளைப் பிள்ளைக வியாதின்னு நெனச்சுக்கிட்டு ஆம்பளைக கடைசி வரைக்கும் வாயைத் தொறக்கிறதில்ல. இன்னொண்ணு, நெஞ்செரிச்சல் மாத்திரை அவரா வாங்கிப் போடுறாரான்னு பாருங்க. அப்புறம்

புதுவயல் நர்ஸ்
அண்ணாச்சி, அந்தப் பிள்ளை வைத்தியம் கேக்கல. நீங்க அந்தாளுக்கு இன்னும் பேதி மாத்திரை கொடுக்கிறீங்களா?

கோட்டையூர் மருந்துக்கடை
இப்ப வேற கடையில வாங்குறார்.

கல்லல் ஹவில்தார்
தங்கச்சி, உங்க மாமா எந்த ரெஜிமென்ட்? மேல இருந்தவரா? நம்பர் அனுப்புனா நான் பேசிப் பாக்குறேன். தயிர்ச்சோறு ஒரு வருஷம்னு சொன்னேன்ல, மூணு வருஷம்.

தேவகோட்டை மருமக
மெட்ராஸ் ரெஜிமென்ட்ணே. மேல இருந்தாரான்னு தெரியாது, எங்ககிட்ட சொன்னதில்ல. நேத்து ராத்திரி அடுப்படி லைட்டை அணைக்காம, பணியாரத்தை மேசை மேல தட்டுல மூடி வச்சு, பக்கத்துல நாற்காலி போட்டுட்டுப் படுத்தேன். காலையில தட்டு கழுவிக் கவுத்திருந்துச்சு. நாற்காலி நகந்திருந்துச்சு. குழாயும் ஓடுச்சு, ரொம்ப நேரமில்ல.