ஸ்போ0ஏ சோதனையில் அகவித்து குறைவது ஏன்?

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, சிங்கப்பூர்):
பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா: ஸ்போ0ஏ மரபணு (அகவித்து உருவாவதைத் தொடங்குவது) நீக்கிய வகையும் இயல்பு வகையும் எல்பி (சத்து நிறைந்த வளர்ப்பு) ஊடகத்தில், 1% குளுக்கோஸுடன் வளர்த்தேன். அகவித்து (சூட்டைத் தாங்கும் உறங்குநிலை வடிவம்) மட்டும் தப்பும்படி 80 டிகிரியில் சூடாக்கினால் நீக்கியதில் காலனி இல்லை, இயல்பிலும் விரல்விட்டு எண்ணலாம். ஏன்?

பதில் 1:
நீக்கியதில் வராதது சரிதான்மா. ஸ்போ0ஏ புரதத்தில் பாஸ்பேட் ஏறினால்தான் வித்தாக்கம் தொடங்கும். தடை குளுக்கோஸ்தான். செல்லுக்குப் பசி வரவேண்டும். டிஎஸ்எம் ஊடகத்துக்கு (வித்தாக்கத்துக்கென உள்ள ஊடகம்) மாறுங்கள். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) வைத்தெடுத்த ஊடகம் ஆறியபின் 10 மைக்ரோமோலார் மாங்கனீஸ், 1 மைக்ரோமோலார் இரும்பு, தனித்தனியாகச் சேருங்கள். மாங்கனீஸை விட்டால் எண்ணிக்கை சரியும்.

பதில் 2:
காற்றும் முக்கியம்: 250 மில்லி குடுவையில் 25 மில்லி, 37 டிகிரி, 24 மணி நேரம் குலுக்குங்கள். 10 நிமிடச் சூட்டில் குழாய்க்குள் உள்ள திரவமட்டம் வெளியே உள்ள வெந்நீரின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். சுவரில் ஒட்டிய செல்கள் தப்பினால் நீக்கியதிலும் பொய்க் காலனி முளைக்கும்.

மாணவி:
நன்றி அண்ணா. சூடாக்குமுன் எண்ணிக்கையும் எடுக்கணுமா?

பதில் 2:
கட்டாயம். மொத்தச் செல்களில் எத்தனை வித்தானது என்ற விகிதம் அதிலிருந்துதான் வரும்.