டோக்கனைசேஷன்: ‘பதிலி’ சரிவருமா?

வணக்கம்.

டோக்கனைசேஷன் என்றால், அட்டை எண் போன்ற உண்மைத் தரவின் இடத்தில் ‘டோக்கன்’ எனும் ஒரு பொய் எண்ணை வைப்பது. இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில், இதையும் என்கிரிப்ஷனைப் போலக் ‘குறியாக்கம்’ என்றே சொல்லிவிடலாம், இரண்டும் தரவை மறைக்கிற வேலைதானே என்று ஐயா ஒருவர் நேற்றைய மடலில் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளைக் கிளவுடுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். சோதித்துப் பார்க்க வாடிக்கையாளர் தரவின் நகல் வேண்டும். ஆனால் அட்டை எண்கள் வெளியே போகக்கூடாது. முதலில் என்கிரிப்ட் செய்து அனுப்பினோம். 16 இலக்கம் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஏதோ வந்து உட்கார, மென்பொருள் ஏற்க மறுத்தது. சரி என்று நடு இலக்கங்களுக்கு எக்ஸ் போட்டோம். அதுவும் ஆகவில்லை. அந்த நடு இடத்தில் பூஜ்யங்களை நிரப்பினால் கடைசி இலக்கம் இடித்தது; அது மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அப்புறம்தான் ஒவ்வொரு எண்ணுக்கும் ஈடாக, அதே நீளத்தில், அந்தச் சரிபார்ப்பில் தேறுகிற ஒரு பொய் எண்ணை வைத்தோம். எதற்கு எது என்ற பட்டியல் எங்கள் சர்வரை விட்டு நகரவில்லை.

வேறுபாடு இங்கேதான். குறியாக்கத்தில் உண்மையான எண்ணும் பூட்டிய பெட்டியில் கூடவே பயணம் போகிறது. சாவி கிடைத்தவர் திறந்துவிடலாம். டோக்கனைசேஷனில் அந்த எண் ஊரைவிட்டே கிளம்புவதில்லை. பட்டியல் இல்லாதவர் எவ்வளவு கணக்குப் போட்டாலும் அதை எட்ட முடியாது. (பட்டியலே வைக்காமல் சாவியைக் கொண்டு செய்கிற வகையும் உண்டு. அதை ‘வடிவம் காக்கும் குறியாக்கம்’ என்றே சொல்லலாம், தப்பில்லை.)

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு பழைய உறவு இருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள். ‘பறி’யை எப்படிப் புரட்டினாலும் பொன் வராது; அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தால்தான் தெரியும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘குழூஉக்குறியாக்கம்’ என்றால் வாயில் நுழையாது, கடைசியில் குறியாக்கமும் ஒட்டிக்கொள்கிறது.

டோக்கனுக்கு வேறு சொற்களையும் பார்த்தேன். ‘வில்லை’ என்றால் பள்ளிப் புத்தகத்தில் லென்ஸ், மருந்துக் கடையில் மாத்திரை. ‘மாற்றுச்சீட்டு’ வணிகவியல்காரர்களுக்கு ஏற்கெனவே வேறு பொருளில் சொந்தம்.

என் பரிந்துரை ‘பதிலி’. வினையாகப் ‘பதிலியிடு’, செயலுக்குப் ‘பதிலியிடல்’, அந்தப் பட்டியல் இருக்கும் இடத்துக்குப் ‘பதிலிப் பெட்டகம்’. உண்மைத் தரவைத் திரும்ப எடுப்பது ‘பதிலி மீட்டல்’.

இந்தச் சொல், வல்லுநர்களுக்கு மட்டும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள் முழு அட்டை எண்ணைச் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை, டோக்கன்தான். ஆக, புடவை வாங்குகிறவர் செல்பேசியிலும் இந்தச் சொல் வந்து நிற்கும். “உங்கள் அட்டை எண்ணைப் பதிலியிட்டுச் சேமிக்கலாமா?” என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். “எதுக்குப் பதிலா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று எனக்குத் தோன்றியது. ‘குறியாக்கி’ என்று காட்டியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு சிக்கல் உண்டு. பிராக்ஸியையும் (இன்னொருவர் சார்பில் நிற்கும் ஆள் அல்லது சர்வர்) சிலர் பதிலி என்கிறார்கள். அதற்குப் பதிலாள் இருக்கிறதே, நிறுவனக் கூட்டங்களில் புழங்கும் சொல்தான். சர்வருக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் மாஸ்கிங்குக்கும் ஒரு சொல் வேண்டும். யாரோ ‘திரையிடல்’ என்று எழுதியிருந்தார்கள். அது தியேட்டரில் படம் ஓட்டுவது. வேறு பார்ப்போம்.