மறு: 'மறைமுக மொழிபெயர்ப்பு' வேண்டாம், 'இடைமொழிப் பெயர்ப்பு' ஆகுமா?

> மூலத்தை விட்டு, இன்னொரு மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்ப்பதற்கு 'மறைமுக மொழிபெயர்ப்பு' போதுமே. மறைமுக வரி என்று சொல்லிப் பழகித்தானே இருக்கிறோம்.

வணக்கம் ஐயா. பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கில பைபிளின் வரலாற்றைச் சொல்ல இந்தச் சொல்லை எடுத்தால் அது தலைகீழான பொருளைத் தருகிறது.

வில்லியம் டிண்டேலின் புதிய ஏற்பாடு 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, துணி மூட்டைகளில் ஒளித்து இங்கிலாந்துக்குள் கடத்தப்பட்டது. பிடிபட்ட படிகளை எரித்தார்கள். 1536இல் டிண்டேலையும் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். இதைவிட மறைமுகமாக நடந்த மொழிபெயர்ப்பு வேண்டுமா? ஆனால் அவர் பெயர்த்தது எராஸ்மஸ் என்ற அறிஞர் பதிப்பித்த கிரேக்க மூலப் பாடத்திலிருந்து, நேராக!

மைல்ஸ் கவர்டேலைப் பாருங்கள். ஆங்கிலத்தில் முதன்முதலாக முழுமையாக அச்சான பைபிள் அவருடையது, 1535இல் வந்தது. அவருக்கு பைபிளின் மூலமொழிகளான எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் போதிய புலமை இல்லை. மார்ட்டின் லூதரின் ஜெர்மன் பெயர்ப்பு, லத்தீன் பைபிள், டிண்டேலின் ஆங்கிலப் பெயர்ப்பு ஆகியவற்றை வைத்துச் செய்தார். அதை எட்டாம் ஹென்றி மன்னருக்கே வெளிப்படையாகச் சமர்ப்பித்தார். 'மறைமுக' என்ற அடைமொழி இவருக்குப் போகும், டிண்டேலுக்குப் போகாது. மாணவர் ஒருவர் இதைப் படித்தால் குழம்பத்தானே செய்வார்?

> அப்படியானால் 'வழிமொழிபெயர்ப்பு'? வழிநூல் என்ற மரபும் இருக்கிறது.

அம்மா, எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது. இரண்டு தடைகள். தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகையாக்கும்போது மொழிபெயர்ப்பையும் அதில் ஒன்றாகச் சொல்கிறது. எல்லா மொழிபெயர்ப்பும் வழிநூல்தான் என்றால் 'வழி' எதையும் பிரித்துக் காட்டாது. அப்புறம், தீர்மானத்தை முன்மொழிவது, வழிமொழிவது என்று கூட்டங்களில் தினமும் சொல்கிறோம். கண் 'வழிமொழி' என்றுதான் முதலில் பிரித்துப் படிக்கும்.

என் பரிந்துரை: நடுவில் நிற்கும் மொழி 'இடைமொழி', அதன் வழியாக வருவது 'இடைமொழிப் பெயர்ப்பு'. ஒலிபெயர்ப்பு, எழுத்துப்பெயர்ப்பு என்று 'பெயர்ப்பு' தனியாக நின்று பழகியிருக்கிறது. மூலத்திலிருந்து வருவதை 'நேர்பெயர்ப்பு' எனலாம்.

இடைமொழிக்குத் தனிப்பெயர் கிடைப்பதுதான் பெரிய வசதி. 1380களில் இங்கிலாந்தின் சமயச் சிந்தனையாளர் விக்ளிஃபைச் சார்ந்தவர்கள் செய்த பைபிள் முழுக்க வல்கேட் என்னும் லத்தீன் பைபிளிலிருந்து வந்தது. வல்கேட்டின் பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியை ஜெரோம் என்ற அறிஞர் எபிரேயத்திலிருந்து நேராகப் பெயர்த்தார். ஆகவே பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் விக்ளிஃப் பைபிளுக்கு வரும்போது நடுவில் லத்தீன் மட்டும்தான். பழைய ஏற்பாட்டின் பாடல் நூலான சங்கீதம் அப்படியல்ல. வல்கேட்டில் நிலைத்த சங்கீதம் கிரேக்கத்தின் வழியாக லத்தீனுக்கு வந்தது. எபிரேயம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் என்று இரண்டு இடைமொழிகளைத் தாண்டி வந்திருக்கிறது. ஒரே புத்தகத்தின் இரண்டு பகுதிகளுக்கு இடையே உள்ள இந்த வேறுபாட்டை 'ஓர் இடைமொழி', 'ஈரிடைமொழி' என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மற்ற இரண்டு சொற்களிலும் இதற்கு இடமில்லை.

'இரண்டாம் கை மொழிபெயர்ப்பு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 1582இல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட கத்தோலிக்க அறிஞர்கள் கிரேக்கம் அறிந்தவர்கள். தெரிந்தேதான் வல்கேட்டை அடிப்படையாகக் கொண்டார்கள், முன்னுரையில் காரணமும் சொன்னார்கள். அது அவர்களுடைய நம்பிக்கை. 'மட்டம்' என்ற தீர்ப்பைக் கலைச்சொல்லே சுமந்து வரக்கூடாது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த ருஷ்ய நாவல்களைப் பற்றி எழுதும்போதும் இதே நியாயம் வேண்டும்.

அகராதிக்கு இப்படி எழுதலாம்: இடைமொழிப் பெயர்ப்பு – மூலத்திலிருந்து அல்லாமல், மூலத்தின் வேற்றுமொழிப் பெயர்ப்பு ஒன்றிலிருந்து செய்யப்படும் மொழிபெயர்ப்பு.

'வேற்றுமொழி' என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளைச் செய்தவர்கள் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் பார்த்தே வேலை செய்தார்கள். ஆனால் 1568இன் பிஷப்ஸ் பைபிள் என்ற ஆங்கிலப் பெயர்ப்பை அடிப்படையாக வைத்து, தேவையான இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட விதி. அடியில் நிற்பது அதே ஆங்கிலம் என்பதால் இது இடைமொழிப் பெயர்ப்பு ஆகாது, முழு நேர்பெயர்ப்பும் ஆகாது. இந்த வகைக்கு 'திருத்தப் பெயர்ப்பு' என்று ஒன்று மனதில் இருக்கிறது. 'திருத்திய பதிப்பு' என்பதோடு குழம்புமா என்று பதிப்புத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.