9ஆம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளைகள், சின்ன வயதுக் கல்யாணம்: கள ஆய்வு எப்படிச் செய்வது?

ஏரியூர்க்காரி கேட்டது:

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், ஏரியூர், அஞ்செட்டிப் பக்கம் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதும் சின்ன வயதுக் கல்யாணமும் எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதுதான் தலைப்பு. இப்போதைய திட்டம்: 5 அரசுப் பள்ளிகள், 9 முதல் 12 வகுப்பு வரை பள்ளிக்கு 60 பேர், மொத்தம் 300. 64 கேள்விகள், கூகுள் ஃபார்ம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூனுக்குள் முடிக்கணும். எங்கே இடிக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:

முதல் இடி இடத்தில்தான். படிப்பை நிறுத்திய பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 9 முதல் 12 வரை உட்கார்ந்திருக்கிற 300 பேரும் நிற்காத பிள்ளைகள். அவர்களிடம் எதைக் கேட்டாலும் தாக்குப்பிடித்தவர்களின் கதைதான் வரும். கூகுள் ஃபார்ம் இன்னும் மோசம். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு பெங்களூர் கட்டட வேலைக்குப் போயிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் கணக்கிலேயே வராது.

ஊரிலிருந்து தொடங்குங்கள். அங்கன்வாடியில் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும். வீடுவாரியாக வயதோடு ஆட்கள் பெயர் அதில் உண்டு. அதை அடிப்படையாக வைத்து வீடுகளைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். 5 ஊரில் 60 வீடு என்பதைவிட 15 ஊரில் 20 வீடு மேல். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். அந்த ஒற்றுமையால் 300 பேர் எடுத்தும் 150 பேர் எடுத்ததற்குச் சமமாகிவிடலாம். அப்படியானால், 20 சதவீதம் என்று வரும் ஒரு பதிலில் பிழை எல்லை 4.5 புள்ளியிலிருந்து 6.4 புள்ளிக்கு விரியும். ஊர் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் இது குறையும்.

அடுத்தது கல்யாண வயது. இதை 15, 16 வயதுப் பெண்களிடம் கேட்காதீர்கள். இன்று கல்யாணமாகாத 16 வயதுப் பெண்ணுக்கு அடுத்த தையில் ஆகிவிடலாம், அதனால் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும். தேசியக் குடும்பநல ஆய்வு 20 முதல் 24 வயதுப் பெண்களிடம் ‘18க்கு முன் ஆனதா’ என்று கேட்பது இதனால்தான். 2019-21 சுற்றில் இந்திய அளவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம்.

ஆனால் அந்த முறையை அப்படியே ஒரு ஊரில் இறக்கினால் ஏமாந்துபோவீர்கள். பெண் பிறந்த ஊரில் இருக்க மாட்டாள், கட்டிக்கொடுத்த ஊரில் இருப்பாள். நாட்றாம்பாளையத்தில் இருக்கிற 22 வயது மருமகள் வேறு ஊரில் பிறந்தவள். நாட்றாம்பாளையத்து மகள் கர்நாடகப் பக்கம் போயிருப்பாள். ஆகவே தாயிடம் உட்கார்ந்து, ‘இந்த வீட்டில் பிறந்த பெண் பிள்ளைகள் எல்லாரையும் சொல்லுங்கம்மா, இப்ப எங்க இருந்தாலும் சரி’ என்று மூத்தவளிலிருந்து வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருத்திக்கும் ஐந்தே கேள்வி: பிறந்த வருஷம், கடைசியாகப் படித்த வகுப்பு, நின்ற மாதம், கல்யாண மாதம், முதல் குழந்தை பிறந்த மாதம். 64 கேள்வியில் பாதிக்கு மேல் தேவையே இருக்காது.

‘கல்யாணத்தப்ப என்ன வயசு?’ என்று நேராகக் கேட்டால் பத்துக்கு எட்டு பேர் 18 என்பார்கள். சட்டம் எல்லோருக்கும் தெரியும். ‘எந்த வகுப்பு படிக்கறப்ப வயசுக்கு வந்தா? எந்த வகுப்போட நின்னா? நின்னு எத்தனை பொங்கல் கழிச்சு கல்யாணம்? கொரோனாவுக்கு முன்னயா, பின்னயா?’ என்று கோத்துக்கொண்டு போனால் உண்மை வயது தானாக வந்து விழும்.

தொப்பூர் கணவாய்:

மேலே சொன்னதற்குத் துணையாகப் பதிவேடுகள் வேண்டும்.

பள்ளியில் சேர்க்கை நீக்கப் பதிவேடு கேளுங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன் 6ஆம் வகுப்பில் சேர்ந்த பெயர்களை எடுத்து ஒவ்வொன்றும் எந்த வகுப்பு வரை ஓடுகிறது என்று பின்தொடருங்கள். நடுநிலைப் பள்ளி மட்டும் இருக்கும் ஊரில் 8க்கும் 9க்கும் நடுவில்தான் பெயர்கள் உதிரும். டி.சி. வாங்கிப் போய் எங்கும் சேராத பிள்ளை எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளம்) ‘காமன் பூல்’ பட்டியலில் நிற்கும், அந்த எண்ணிக்கையையும் வாங்குங்கள். இடைநிற்றல் காரணம் என்ற கட்டத்தை நம்ப வேண்டாம். ‘குடும்பம் இடம்பெயர்ந்தது’ என்று எழுதுவது எல்லோருக்கும் வசதி.

பிறந்த தேதியிலும் ஒரு சிக்கல். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் வயதை மட்டும் சொல்லிப் பதிந்ததாக இருக்கலாம். பள்ளித் தேதி மே, ஜூனில் குவிந்திருந்தால் 5 வயது நிரம்பியதாகக் காட்ட எழுதியதாக இருக்கலாம். இரண்டும் முட்டினால் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் தடுப்பூசி அட்டை.

பழைய புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம்: கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தனி மாவட்டமானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘தர்மபுரி’ என்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் உள்ளே. 2011 எண்ணை அதன் பக்கத்தில் வைத்து ‘குறைந்தது’ என்று எழுதாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு மனு போடுங்கள். வட்டாரவாரியாக, ஆண்டுவாரியாக வந்த புகார், தடுத்தது, வழக்குப் பதிந்தது, இந்த மூன்று எண்ணிக்கை மட்டும். பெயர், முகவரி கேட்டால் தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(j) பிரிவைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். 30 நாள் கெடு. கிடைத்தபின் ஒன்றை மறக்காதீர்கள்: தடுத்த எண்ணிக்கை ஏறினால் கல்யாணம் ஏறியது என்று ஆகாது, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுகிறவர்கள் கூடியிருக்கலாம்.

பென்னாகரம் தர்மபுரி மாவட்டம், அஞ்செட்டி கிருஷ்ணகிரி. ஆகவே இரண்டு முதன்மைக் கல்வி அலுவலரிடமும் தனித்தனியாக அனுமதி. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத் துறையிடமும்.

வக்கீல் குமாஸ்தா:

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. ஆய்வே நின்றுபோவது இங்கேதான்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 மட்டும் உங்களுக்குப் போதாது. 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவும் குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் சொல்லிவிட்டது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்தது தெரிந்தவர் யாரானாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. ‘நான் ஆய்வு மாணவி’ என்பதற்கு அங்கே விலக்கு இல்லை.

அதனால் ‘யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று ஒப்புதல் படிவத்தில் அச்சடிக்காதீர்கள். ‘உனக்கோ வேறு குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும்’ என்ற வரி இருக்கட்டும், வாயாலும் சொல்லுங்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி 12 முதல் 18 வயதுக்குப் பிள்ளையின் எழுத்து இசைவு தனி, பெற்றோர் ஒப்புதல் தனி. கைடு ஓகே சொன்னது நெறிமுறைக் குழு அனுமதி ஆகாது. சிறுமியிடம் சொந்த உறவு பற்றிய கேள்வியை வைக்காமல், ‘10ஆவது படிக்கிற ஒரு பெண்ணுக்கு மாமன் வீட்டில் பேச்சு எடுக்கிறார்கள், அவள் யாரிடம் போவாள்?’ என்று கற்பனைப் பெண்ணை வைத்துக் கேளுங்கள்.

களத்தில் நடக்கப்போகும் கல்யாணம் காதில் விழுந்தால் 1098, இல்லாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலர். தமிழ்நாட்டில் அவர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். 13ஆம் பிரிவில் நீதிமன்றத் தடை வாங்கலாம், தடையை மீறி நடந்தால் அந்தக் கல்யாணமே செல்லாது. நீங்கள் மண்டபத்துக்குப் போய் நிற்காதீர்கள். எந்தப் பெண் சொன்னாள் என்பதும் வெளியே வரக்கூடாது.

ஏரியூர்க்காரி:

மூவருக்கும் நன்றிங்க. கேள்வித்தாளை வெட்டிவிட்டேன். இரண்டு சந்தேகம். மாமியார் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தால்? அஞ்செட்டி மேலே கன்னடம் பேசுகிற வீடுகள் நிறைய, அதற்கு?

கணக்குப்பிள்ளை:

இரண்டு பேராகப் போங்கள். ஒருத்தர் மாமியாரிடம் ரேஷன், தண்ணீர், 100 நாள் வேலை என்று தனிப் படிவம் நிரப்பட்டும், அதுவும் திண்ணையில். மற்றவர் மருமகளோடு கொல்லைப் பக்கம். யாராவது நெருங்கினால் உடனே திருப்பிக்கொள்ள, குடிநீர் பற்றிய ஒரு பக்கத்தைப் படிவத்தின் மேலேயே வைத்திருங்கள். எந்த நொடியில் அந்தப் பக்கத்துக்குத் தாவுவது என்று முன்கூட்டியே பேசிப் பழகணும்.

கன்னடம், தெலுங்கு வீடுகளுக்கு அந்த மொழி பேசும் உள்ளூர்ப் பெண்ணையே கணக்கெடுப்பாளராக வையுங்கள், ஆனால் அதே ஊர்க்காரி வேண்டாம், பங்காளி உறவு வாயை அடைத்துவிடும். கேள்விகளை ஒருவர் கன்னடத்தில் எழுத, வேறொருவர் அதை மட்டும் பார்த்துத் தமிழுக்குத் திருப்பட்டும். எந்தக் கேள்வி நெளிகிறது என்று அங்கேயே தெரியும்.

நேரத்தையும் மாற்றுங்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளி இருக்காது, சித்திரை வைகாசியில் பாதி வீடு கல்யாணத்துக்கும் மாங்காய் வேலைக்கும் போய்விடும். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டில் தொடங்கினால், கோடை விடுமுறையோடு நின்றவர்கள் யாரென்று கையில் கிடைக்கும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அஞ்செட்டி, உரிகம் காட்டுச் சாலையில் மாலையில் யானை நடமாட்டம் உண்டு, 4 மணிக்குள் கீழே இறங்கப் பாருங்கள்.

அப்புறம், பையன்களை விட்டுவிட்டீர்கள். அதே வீட்டுப் பட்டியலில் ஆண் பிள்ளைகளையும் எழுதினால் எந்த வகுப்போடு நின்றான், ஓசூரா பெங்களூரா, யார் கூட்டிப்போனது என்று மூன்று கட்டம்தான் கூடும். கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலை), கஞ்சா பற்றி முகத்துக்கு நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பெயரில்லாத துண்டுச் சீட்டில் டிக் போட்டு, மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.